வக்கீலுக்கு எந்த ஊர்?

முதல் படம் ஓடினால் அதிர்ஷ்டம். இரண்டாவதும் ஓடினால்தான் ஹீரோ. மர்ம நாவலுக்கும் இதே கணக்குதான் ஸார்!

சுஜாதாவின் கணேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடரில் தலைகாட்டியபோது அவர் பத்தோடு பதினொன்று. ஜோக்கடிக்க வஸந்த்கூடக் கிடையாது. (அந்தப் பிள்ளை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.)

அடுத்து வந்ததுதான் 'அனிதா இளம் மனைவி'. இடம் டில்லி. பணக்காரக் கணவர் கொலை. அழகான இளம் மனைவி. அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கும் மகள். யார் பேச்சை நம்புவது? நடுவில் கணேஷ் முழிக்கிறார் பாருங்கள், அங்கேதான் 'இந்த ஆளோடு இன்னும் பத்துப் புத்தகம் போகலாம்' என்று தோன்றுகிறது. முடிவைச் சொல்லமாட்டேன். சொன்னால் பாவம்.

பழவேற்காட்டுக்குப் போனபோது இந்தப் புத்தகத்தை ஒரு மீனவத் தம்பியிடம் கொடுத்தேன். அங்கே ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. 'பாடு' என்று முறை உண்டு. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அடுத்தவர்கள். அன்று தம்பிக்கு முறை இல்லை. படகு நிழலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டான்.

"அண்ணே, இந்த வக்கீலுக்கு எந்த ஊரு? அப்பா அம்மால்லாம் இல்லியா?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ் என்று பின்னால் வந்த கதைகளில் தெரியும். மற்றபடி அந்தப் பக்கம் சுஜாதா அதிகம் போகவில்லை.

"தெரியலேன்னா பரவாயில்லியா?" என்றேன்.

"அதான்ணே நல்லது. தண்ணி தெளிஞ்சா மீனு வலையைப் பாத்துட்டு ஓடிடும். கலங்கலா இருக்கணும். அடுத்த புக்கு இருக்கா?"

விமர்சகர்கள் நாலு பக்கம் எழுதுவதை நாலு வரியில் முடித்துவிட்டான். இப்போதெல்லாம் இரண்டாம் பாகம் என்றாலே ஹீரோவின் பால்ய காலம், அப்பா வாங்கிய கடன், அக்கா கல்யாணம் எல்லாம் வந்துவிடுகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. மீனைத்தான் காணோம்.

1978-ல் 'இது எப்படி இருக்கு' படத்தில் கணேஷாக ஜெய்சங்கர், 'ப்ரியா'வில் ரஜினி. ஒரே வருஷத்தில் இரண்டு முகம்! இரண்டுமே ஒட்டவில்லை. வாசகன் மனசுக்குள் மூன்றாவதாக ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

ஆபீஸில் புதிதாகச் சேரும் தம்பிகளே, முதல் வாரமே ஜாதகத்தை அவிழ்த்துவிடாதீர்கள். கொஞ்சம் கலங்கலாகவே இருங்கள்.