காசும் கேஷும் சொந்தமா?

பிள்ளைங்ககிட்ட தமிழ்ப் பெருமை பேச ஆரம்பிச்சா நம்ம வாயில் முதலில் வரும் வரி இது: "இங்கிலீஷ்ல கேஷ்னு சொல்றீங்களே, அது நம்ம காசுதான்!" பிள்ளை அதை அப்படியே பள்ளியில் போய்ச் சொல்லும். டீச்சர் அகராதியைத் திறந்து "அப்படி இல்லையே" என்றால்? அடுத்த தடவை நாம உண்மையைச் சொன்னாலும் நம்பாது. அதனால் இதைச் சரியா தெரிஞ்சு வச்சுக்குவோம்.

பெரிய ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' என்பது இரண்டு தனித்தனிச் சொற்கள். எழுத்து ஒண்ணு, பிறப்பு வேற.

முதல் கேஷ் ரொக்கப் பணம். லத்தீனில் பெட்டிக்கு 'காப்சா' என்று பெயர். அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டி என்றுதான் பொருள். போகப்போகப் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கே ஒட்டிக்கிச்சு. கேஷியரும் இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது கேஷ் ஒரு சின்ன நாணயம். இதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் நம்ம ஊரில் கேட்ட 'காசு'வை, தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்ற சொல்லாகவே எழுதினாங்க. அங்கேதான் இரண்டும் முட்டிக்கொண்டன. கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

பயன்பாட்டிலும் வித்தியாசம் உண்டு. ரொக்கத்தை 'டென் கேஷ்' என்று எண்ண முடியாது. நாணயத்தை எண்ணலாம்.

ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகாது. என் வேலையில் தினமும் புழங்கும் கம்ப்யூட்டர் 'கேஷ்' கூட, பிரெஞ்சில் 'ஒளித்து வை' என்ற சொல்லிலிருந்து வந்தது. அது மூணாவது ஆள்!

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆச்சு, சுருட்டு 'ஷெரூட்' ஆச்சு, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆச்சு. 1808-இல் கம்பெனி அடித்த 10 கேஷ் செப்புக்காசு நாணயம் சேர்ப்பவர்களிடம் இன்றும் கிடைக்கும். ஒண்ணு வாங்கிப் பிள்ளை கையில் கொடுங்க. 'கேஷ்' என்ற ஆங்கில எழுத்தை அதுவே படிச்சுப் பார்க்கட்டும். "இது நிஜமாவே நம்ம வார்த்தை" என்று அப்போ தைரியமாச் சொல்லலாம்.