உடும்புக் குட்டியை வளர்த்தா பழகுமா? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகும் முன் இதைப் படிங்க

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போறவங்களுக்கும், வாழைத் தோப்பில் தண்ணி பாய்ச்சுறவங்களுக்கும் குமரி மாவட்டத்தில் உடும்பு புதுசு இல்லை. சில நேரம் ஒரு சாண் நீளத்தில், மஞ்சள் புள்ளியும் கறுப்புப் பட்டையுமாகக் குட்டி ஒன்று கண்ணில் படும். வெளிநாட்டுக்காரர் மடியில் உடும்பு தூங்கும் ரீல்ஸை நேற்றுதான் பார்த்திருப்போம். 'நாமளும் வளர்த்தா என்ன?' என்று தோன்றுவது இயல்பு.

சுருக்கமான பதில்: வேண்டாம். காரணம் சட்டம் மட்டும் இல்லை.

குட்டி ஏன் இப்படிச் சீறுது?

நம்ம ஊரில் இருப்பது வங்காள உடும்பு. முட்டையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்தே குட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பு, பருந்து, கீரி, பூனை எல்லாவற்றுக்கும் அது இரை. அதனால் மேலே இருந்து இறங்கும் எந்தக் கையும் அதற்குப் பருந்தின் கால்தான். முதலில் ஓடப் பார்க்கும். முடியாவிட்டால் உடம்பை உப்பிச் சீறும், வாலால் விளாசும், கடைசியில் கடிக்கும். குட்டி பெரும்பாலும் கடிப்பது கோபத்தில் அல்ல, பயத்தில்.

அப்போ அந்த ரீல்ஸில் எப்படி?

அங்கே அதிகம் விற்பனையாவது ஆப்பிரிக்க சவன்னா உடும்பு போன்ற இனங்கள். அனுபவமுள்ளவர்கள் குட்டியைத் துரத்திப் பிடிக்க மாட்டார்கள். ஒளிய இடம் கொடுத்து, அதுவாக அருகில் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவ்வளவு செய்தும் கிடைப்பது, 'இந்த ஆளால் ஆபத்தில்லை' என்ற கணக்கு மட்டுமே. நாய் காட்டும் பாசத்தை எதிர்பார்க்க முடியாது.

கையில் பிடித்ததும் கண்ணை மூடி அசையாமல் கிடந்தால் 'பழகிடுச்சு' என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் உறைந்துபோன உயிரும் அப்படித்தான் இருக்கும். போதிய வெயிலும் சரியான இரையும் இல்லாமல் அட்டைப் பெட்டியில் வளர்த்தால் எலும்பு பலமிழந்து வளையும். நன்றாக வளர்ந்தாலோ, வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வங்காள உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் 'வேட்டை'தான். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வெளிநாட்டு உடும்பு என்றாலும் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கண்ணில் பட்டா என்ன செய்யலாம்?

தோட்டத்தில் என்றால் தள்ளி நின்று பார்த்துவிட்டு விடுங்கள், அதுவே போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வெளியேற வழி விட்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ சொல்லுங்கள். ஏற்கெனவே யார் கையிலாவது இருந்தால் ஒளிக்க வேண்டாம். காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்கச் சொல்கிறது சட்டம்.

ஆசைப்பட்டுத் தூக்கி வருபவர் வேட்டைக்காரர் இல்லை, உண்மைதான். ஆனால் பழக்குவதில் தோற்றால் குட்டி சாகும். ஜெயித்தாலும் அதற்கு நல்லதில்லை. கறிக்காகவும், 'மருந்து' என்ற பெயரிலும் உடும்பு இன்றும் பிடிபடுகிறது. மனிதரைக் கண்டு ஓடும் அந்தப் பயம்தான் அதன் ஒரே கவசம். நாம் பாசமாகக் கழற்றுவது அதைத்தான்.

ஒரு காலத்தில் கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் கட்டினார்கள். இன்று ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தையே மாற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது. ஒரு ரீல்ஸ் ஆசையை விடுவது அதைவிடவா கஷ்டம்?