சிறு விமானங்களின் எஞ்சின் மூடித் திருகுகள்: சில்லறைப் பாகத்தில் பெரும் பொறுப்பு

புது தில்லி: மும்பையிலிருந்து புஜ் நகருக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி புறப்பட்ட அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் விமானத்திலிருந்து, எஞ்சின் மேல்மூடி கழன்று ஓடுபாதைப் பகுதியில் விழுந்தது. விமானம் புஜ் நகரில் பத்திரமாகத் தரையிறங்கியது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) விசாரணைக்கு உத்தரவிட்டது. பயணிகள் விமானம் என்பதால் நாடு முழுவதும் அது செய்தியானது. ஆனால், எஞ்சின் மூடியும் அதைப் பிடித்து நிறுத்தும் சிறு பூட்டுகளும் அன்றாடம் சோதனைக்கு உள்ளாவது பெரிய விமானங்களைவிடப் பயிற்சிப் பள்ளிகளின் சிறு விமானங்களில்தான்.

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், 'கௌலிங்' எனப்படும் எஞ்சின் மூடி வெறும் அலங்காரத் தகடு அன்று. காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சினுக்கு முன்புறத் துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, சிலிண்டர்களின் மேலிருந்து கீழாகப் பாய்ந்து, அடிப்புறமாக வெளியேறுகிறது. இதனால் மூடியின் உட்புறம் மேற்பகுதியில் காற்றழுத்தம் கூடுகிறது. வெளிப்புறத்திலோ வேகமாக ஓடும் காற்றால் அழுத்தம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து மேல்மூடியைத் தூக்கப் பார்க்கின்றன. அந்த விசையைத் தாங்குபவை விளிம்பைச் சுற்றியுள்ள சில ஃபாஸ்டனர்களே. முன்விளிம்பில் பிடி தளர்ந்து மூடி விலகினால் விமானியின் கண்ணாடியிலோ வால் பகுதியிலோ மோதக்கூடும்.

இவற்றுள் பெரும்பாலானவை கேம்லாக், சூஸ் ஆகிய பெயர்களில் அறியப்படும் கால் சுற்றுத் திருகுகள். திருப்புளியால் 90 பாகை திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எதிர்த்திசையில் திருப்பினால் விடுபடும். விரைவாகக் கழற்றி மாட்டுவதற்கென்றே உருவான இந்த வசதிதான் தேய்மானத்துக்கும் காரணமாகிறது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற மூடியைக் கழற்றுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் பறக்கும் பயிற்சி விமானத்தில் அது குறைந்தது 20 முறை கழற்றி மாட்டப்படும். இடையில் ஏற்படும் கோளாறுகளுக்காகத் திறப்பது தனிக்கணக்கு. இதோடு எஞ்சினின் இடைவிடாத அதிர்வும் சேர்கிறது.

தேய்மானத்தைக் கண்டறிவது கடினமன்று. திருகைச் சுற்றிக் கருமையான பொடி படிந்திருந்தால் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று பொருள். திருகின் தலைப்பள்ளம் மழுங்கியிருத்தல், மூடித் துளை நீள்வட்டமாக விரிந்திருத்தல், பூட்டும்போது 'டக்' என்ற பிடிப்பு கையில் தெரியாமை ஆகியவை பிற அறிகுறிகள். ஆனால், மாற்றுவதில்தான் தவறு நேர்கிறது. தண்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, உட்புறத்தில் ரிவெட் அடிக்கப்பட்டுள்ள தேய்ந்த ஏற்புப் பாகத்தை அப்படியே விட்டுவிடுவது பரவலான குறுக்குவழி. சில வாரங்களிலேயே புதிய தண்டும் ஆடத் தொடங்கும். தண்டின் நீளமும் முக்கியம். மூடித் தகட்டின் தடிமனுக்கேற்ப நீளங்கள் மாறுபடும். நீளம் மிகுந்தால் பூட்டியது போலத் தோன்றும், பிடி இராது; குறைந்தால் பூட்டவே பூட்டாது, அல்லது தகட்டை நெரித்துப் பிடிக்கும்.

பார்வைக்கு ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு திருகைப் பொருத்துவதன் விளைவை 1990 ஜூன் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் காட்டியது. பர்மிங்காமிலிருந்து மலகாவுக்குச் சென்ற அதன் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். தலைமை விமானி உயிர் பிழைத்தார். அதற்குச் சற்று முன்னர்தான் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. பொருத்தப்பட்ட 90 திருகுகளில் 84 திருகுகள் சுமார் 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை என்று விசாரணையில் தெரியவந்தது. கழற்றிய பழைய திருகோடு கண்ணளவாக ஒப்பிட்டே அவை தேர்வு செய்யப்பட்டிருந்தன.

யார் மாற்றலாம் என்பதில் நாடுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் விமானி உரிமம் பெற்ற உரிமையாளர், வணிகப் போக்குவரத்தில் ஈடுபடாத தமது விமானத்தின் எஞ்சின் மூடியை, புரொப்பெல்லரைக் கழற்றத் தேவையில்லாத நிலையில், தாமே மாற்றலாம். அதில் எளிய சிறு பழுதுகளையும் பார்க்கலாம். ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் பராமரிப்புப் பணிக்கு உரிமம் பெற்ற பொறியாளரின் சான்று தேவை. கடுமையான விதி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. எனினும், அந்தப் பொறியாளர் ஒரே காலையில் பல விமானங்களைப் பார்க்க வேண்டிய நிலையில், ஆடும் திருகு ஒன்று 'அடுத்த சோதனையில் பார்க்கலாம்' என்ற பட்டியலுக்குப் போய்விடுகிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டிய மாணவர், தமது முறை தள்ளிப்போகும் என்ற அச்சத்தில் அதைக் குறிப்பிடாமலே விட்டுவிடவும் கூடும். இங்கே குறை விதியில் இல்லை. வேலை நெருக்கடியில் இருக்கிறது.

அடுத்த சிக்கல் பாகத்தின் பூர்வீகம். சந்தையில் அதே தோற்றத்தில் கிடைக்கும் மலிவான திருகுக்கும் சான்றுள்ள திருகுக்கும் இடையே வெறுங்கண்ணால் வேறுபாடு காண்பது அரிது; வேறுபடுத்துவது உடன் வரும் காகிதமே. அந்தக் காகிதமும் பொய்க்கலாம். லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் நிறுவனம் போலி ஆவணங்களுடன் ஜெட் எஞ்சின் பாகங்களை விற்றது 2023-இல் வெளிவந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் தங்கள் எஞ்சின்களைத் தேடிப் பார்க்க நேர்ந்தது.

செலவைப் பொறுத்தவரை ஒரு தடை நீங்கியுள்ளது. 5, 12, 18, 28 சதவீதம் என்று பலவாறாக இருந்த விமான பாகங்களுக்கான இறக்குமதி ஐஜிஎஸ்டி வரி, 2024 ஜூலை 15 முதல் ஒரே சீராக 5 சதவீதமாக்கப்பட்டது. ஆனால் பத்துத் திருகுகளை மட்டும் வரவழைக்கும் சிறு பள்ளிக்கு வரியைவிட அனுப்புக் கட்டணமும் காத்திருப்பும்தான் சுமை. அந்த நாள்களில் விமானத்தைக் கொட்டகையில் நிறுத்திவைப்பதா, ஒரு திருகு குறைவாகப் பறக்கவிடுவதா என்ற முடிவு பள்ளியின் முன் நிற்கிறது. ஒவ்வொரு விமான வகைக்கும் தேவையான தண்டு நீளங்கள், ஏற்புப் பாகங்கள், வளையங்கள் ஆகியவற்றைச் சான்றிதழுடன் முன்கூட்டியே இருப்பில் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு அந்த முடிவை எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. டிஜிசிஏ அதிகாரிகள் தணிக்கைக்குச் செல்லும்போது விமானத்தின் பதிவேட்டோடு இந்த இருப்பு அலமாரியையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.