புதுமுகம் என்பவர் யார்?

2018ஆம் ஆண்டிலேயே இலங்கை அணியில் ஆடிவிட்ட ஒருவரைப் புதியவரென்று கொண்டாடுவது பரிகாசத்துக்குரியது என்றோர் அபிப்பிராயம், கமிந்து மெண்டிஸுக்குச் சர்வதேச கிரிக்கெட் பேரவை 2024இன் வளர்ந்துவரும் வீரர் விருதை அளித்தது முதலாக ரசிகர்களிடையே செலாவணியாகி வருகின்றது. 2023இல் லங்கா பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் கண்டி அணி கிண்ணம் வெல்லத் துணைநின்றவரும், 2024 ஜூலையில் பல்லேகல மைதானத்தில் இந்திய அணியின் சூர்யகுமாருக்கு இடக்கையாலும் ரிஷப் பந்துக்கு வலக்கையாலும் பந்துவீசிப் பார்த்தோரைப் பிரமிக்கச் செய்தவருமாகிய அவரைக் கண்டியார் நன்கறிவர். அந்தப் பரிச்சயமே இவ்வபிப்பிராயத்துக்கு இங்கே கூடுதல் பலம் தருகின்றது போலும்.

பிற களங்களில் அனுபவம் முதிர்ந்தவர் புதுமுகமாகார் என்பது இவர்களது முதல் வாதம். புதுமுக விருதுக்கு நெடிய சரித்திரமுள்ள அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் இதனை ஒப்புவதில்லை. சோவியத் அணிக்கு 1988இல் ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்தவர்களுள் ஒருவரும், ஐரோப்பாவெங்கும் கீர்த்தி பெற்றவருமான ஆர்விதாஸ் சபோனிஸ், முப்பது வயதில், 1995இல் போர்ட்லண்ட் அணியில் அடியெடுத்து வைத்தபோது, அந்த லீக்கின் கணக்கில் அவர் புதுமுகமே; அப்பருவத்தின் சிறந்த புதுமுகங்களைக் கொண்ட முதல் அணியிலும் இடம்பெற்றார்.

அணியொன்றுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்தே புதுமை கரையத் தொடங்குகின்றது என்ற இரண்டாம் வாதத்துக்கு விடை சுருக்கமானது: 2016இல் அதே லீக்கின் வீரர் தெரிவில் முதலாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட பென் சிமன்ஸ், பாத முறிவால் முதற்பருவம் முழுவதும் ஆடாதிருந்து, 2018இல் அந்த லீக்கின் புதுமுக விருதைப் பெற்றார்.

எஞ்சுவது, கமிந்து வெளியே காத்திருந்தவரல்லர், ஆடியே விட்டவர் என்ற வாதம். இதில் சத்தியம் உண்டு. ஓர் ஆட்டத்தில் களமிறங்கினாலும் அப்பருவத்தோடு புதுமுகத் தகுதி தீர்ந்துபோகும் என்னும் கூடைப்பந்தாட்ட விதிப்படி, 2018 ஒக்டோபரில் கொழும்பில் இங்கிலாந்துடன் ஆடிய இருபது ஓவர் ஆட்டமே அவரது வாய்ப்பை முடித்திருக்கும். ஆயினும் அவ்விதி ஒன்றே நியாயத்தின் முடிவன்று. அமெரிக்கப் பேஸ்போலில், முந்திய பருவங்களில் 130 துடுப்பு வாய்ப்புகளைத் தாண்டாத துடுப்பாளர் இன்னும் புதுமுகமாகவே கொள்ளப்படலாம். சொற்ப ஆட்டங்களைக் கொண்டு ஒருவரது பிரவேசம் பூர்த்தியாயிற்று எனக் கருதலாகாது என்பதே அதன் தாற்பரியம். 2023 முடியும்வரை டெஸ்டில் கமிந்து ஆடியிருந்தது 2022இல் காலியில் நடந்த ஒரேயொரு ஆட்டம். மறு டெஸ்டுக்கு இருபது மாதங்கள் காத்திருந்து, 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் இரு இன்னிங்ஸிலும் சதமடித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் டெஸ்டில் ஆயிரம் ஓட்டங்களைக் கடந்தார். ஆட அழைக்கப்படாத காலத்தையும் அனுபவமென்று அவர் தலையில் கட்டுவது அநியாயம். விருது உரியவருக்கே சென்றது.