நகர்மன்றங்கள் அச்சிட்ட பணம்

1914 ஆகஸ்ட்டில் போர் மூண்ட சில நாட்களுக்குள் செருமனியின் சந்தைகளில் சில்லறை மறைந்துபோயிற்று. தாளைக் கொடுத்துப் பொன் பெறும் உரிமையை ஆகஸ்ட் 4-ஆம் நாள் சட்டம் நிறுத்தியது. பொன்னும் வெள்ளியும் பெட்டிகளுக்குள் பதுங்கின. கூலி கொடுக்க ஆலைக்காரரிடம் காசில்லை. மீதி தர ரொட்டிக் கடைக்காரருக்கு வழியில்லை. எல்லைப்புற நகர்மன்றங்களும் ஆலைகளும் தாமே சீட்டு அச்சிட்டன. நகரத் தலைவரின் கையொப்பம், நகர முத்திரை, குறித்த நாளுக்குள் மாற்றித் தருவோம் என்னும் உறுதிமொழி, இவையே அதன் காப்பு. 'நோட்கெல்ட்', அதாவது நெருக்கடிப் பணம், என்று மக்கள் அதனை அழைத்தனர்.

போர் நீண்டது. நிக்கலையும் செம்பையும் படைக்கலச் சாலைகள் விழுங்கவே, காசுகள் இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் அடிக்கப்பட்டன. அவையும் போதவில்லை. 1916 முதல் நூற்றுக்கணக்கான ஊர்கள் தத்தம் சில்லறையைத் தாமே ஆக்கிக்கொண்டன. பேரரசு கண்டும் காணாதிருந்தது. 1918 இலையுதிர் காலத்திலோ பேரரசின் மைய வங்கியே நகரங்களை நாடி, பெருமதிப்புத் தாள்களை அச்சிடுமாறு வேண்டிற்று. நாணயம் வெளியிடும் அரசுரிமையைக் கையேந்திப் பகிர்ந்தளித்த காட்சி அது.

அந்நகர்மன்றங்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. அண்டை வீட்டார் பட்டினி கிடக்கலாகாது என்ற கவலையே அவற்றை அச்சகத்திற்கு அனுப்பியது. பிழை பெர்லினில் இருந்தது: அங்கிருந்த அரசு போர்ச்செலவை வரியால் அன்றிப் பெரும்பாலும் மக்களிடம் பெற்ற போர்க்கடனால் ஈடுகட்டியது. பிரித்தானியா வருமான வரியை ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்திப் போர்ச்செலவின் ஒரு பகுதியையேனும் அன்றன்றே வசூலித்தது. செருமனியில் நேர்முக வரி பெரும்பாலும் உறுப்பு நாடுகளின் கையில் இருந்தது உண்மையே. ஆயினும் அதை மாற்றும் துணிவைப் போர்க்காலமே தந்திருக்க வேண்டும். நிதிப் பொறுப்பாளர் கார்ல் ஹெல்ஃபெரிக் 1915-இல் நாடாளுமன்றத்தில், இக்கடன் சுமையைத் தோற்ற பகைவர் தலையில் ஏற்றலாம் என்று வாதிட்டார். வெற்றியை முன்கூட்டியே வரவில் எழுதிய கணக்கு அது.

அமைதிக்குப்பின் ஊர்களும் மாசுற்றன. சேகரிப்போர் திருப்பித் தராத சீட்டு நகருக்குத் தூய ஆதாயம் என்று கண்டதும், வண்ணப்படத் தொடர்கள் பெருகின. பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டுத்துணியிலும் பணம் அச்சிட்டது. 1922 ஜூலைச் சட்டம் நெருக்கடிப் பணத்தைத் தடைசெய்தும், மறு ஆண்டின் பெரும் பணவீக்கத்தில் ஊர்தோறும் கோடி மதிப்புத் தாள்கள் மீண்டும் முளைத்தன.

1923 நவம்பரில் ரென்டன்மார்க் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்கு அது ஒன்று. ஒன்பது போர்க்கடன்களுக்கு மக்கள் நம்பிக் கொடுத்த தொகை ஏறத்தாழ 9,800 கோடி மார்க். புதிய கணக்கில் அம்முழுத் தொகையும் பத்து பிஃபென்னிக்கை எட்டவில்லை.