கைப்பையில் அடங்குமா பாதுகாப்பு?

2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூரில் உள்ள மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை புதிய ரிவால்வர் ஒன்றை அறிமுகம் செய்தது. 'நிர்பீக்' என்று அதற்குப் பெயர். அச்சமற்ற என்பது பொருள். எடை 500 கிராம், டைட்டானியம் கலந்த உலோகம், 0.32 அங்குலத் தோட்டாக்கள் ஆறு, விலை ரூ. 1,22,360. நகைப்பெட்டியைப் போன்றதொரு பெட்டியில் வைத்து அளிக்கப்பட்ட அந்த ஆயுதம், பெண்களின் கைப்பையில் எளிதாக அடங்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு தலைநகர் தில்லியில் ஓடும் பேருந்தில் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளாகி, பின்னர் உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயரின் எதிரொலியே இந்தப் பெயர்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை அளித்தது. குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. 2013-14 நிதிநிலை அறிக்கையில் ரூ. 1,000 கோடியில் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் அரசு தன் கடமையை உணர்ந்ததன் அடையாளங்கள். ஆனால், அதே அரசின் தொழிற்சாலை ஒரு துப்பாக்கியைத் தயாரித்து, இதை வாங்கி உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் கூறியது எதன் அடையாளம்?

நிர்பீக்குடன் இது நின்றுவிடவில்லை. மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதனினும் எடை குறைந்த 'நிடர்' என்ற 0.22 அங்குல ரிவால்வரைக் கொண்டுவந்தது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அவற்றில் ஒன்றான கான்பூர் நிறுவனம் 2023-இல் 'பிரபல்' ரிவால்வரை அறிமுகம் செய்தது. எடை 700 கிராம். குழலின் நீளம் 76 மி.மீ. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்ற அதே விளம்பரம் இதற்கும் தொடர்ந்தது. எது சிறியது, எது எடை குறைந்தது, எது உடைக்குள் தெரியாமல் மறையும் என்பதே விற்பவரின் பேச்சாகவும் வாங்குபவரின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இந்தியாவில் இந்தத் தேர்வுக்கான களம் மிகக் குறுகலானது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 9 மி.மீ., 0.38 போன்ற ரகங்கள் தடை செய்யப்பட்டவை. உள்துறை அமைச்சகத்தின் சிறப்பு அனுமதியின்றி அவற்றைச் சாதாரணக் குடிமக்கள் வைத்திருக்க இயலாது. தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களின் நடுப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 0.32, 0.22 போன்ற ரகங்களே.

மறைத்து எடுத்துச் செல்வது குறித்து நமது சட்டம் கூறுவதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. இந்தியாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கியுடன் செல்பவர் அதை உறையில் இட்டு, முழுமையாக மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். பிறர் கண்ணில் படும்படி சுழற்றிக் காட்டுவது குற்றம். ஆக, இந்நாட்டில் வழங்கப்படும் ஒவ்வொரு கைத்துப்பாக்கி உரிமமும், நடைமுறையில், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமமே. பேருந்தில் அருகே அமர்ந்திருப்பவரிடம் துப்பாக்கி உள்ளதா என்பதை மற்றவர் அறிய வழியில்லை. எனவே, அந்த உரிமம் யாருக்கு, எந்தக் காரணத்துக்காக அளிக்கப்படுகிறது என்பது உரிமம் பெறுபவரின் சொந்த விஷயமன்று; அருகே அமர்ந்திருப்பவரின் விஷயமும்கூட.

முதலில் ஆயுதத்தின் இயல்பைப் பார்ப்போம். சிறிய துப்பாக்கி மறைக்க எளிது, சுடக் கடினம். குழல் குறுகக் குறுகக் குறி பார்ப்பது அரிதாகிறது. எடை குறையக் குறையச் சுடும்போது கையை உதறும் விசை கூடுகிறது. ரிவால்வரின் விசையை அழுத்த விரலுக்கு நல்ல பலம் வேண்டும்; பதற்றத்தில் கை நடுங்கும்போது குறி தவறும். இவற்றை வெல்ல ஒரே வழி இடைவிடாத பயிற்சி. ஆனால், பயிற்சிக் களங்கள் பெருநகரங்களிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் உள்ளன. தோட்டாக்களுக்கோ ஆண்டு உச்சவரம்பு. உரிமம் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016 விதிகள் கூறினாலும், துப்பாக்கியைக் கையாளக் கற்பது வேறு, உயிருக்கு ஆபத்தான ஒரு நொடியில் அதைச் சரியாகப் பயன்படுத்துவது வேறு.

பழக்கம் உள்ளவருக்கே விபத்து நேர்கிறது. நடிகரும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான கோவிந்தா, 2024 அக்டோபர் 1-ஆம் தேதி மும்பை இல்லத்தில் தமது உரிமம் பெற்ற ரிவால்வரை அலமாரியில் வைக்க முயன்றபோது அது கைநழுவி வெடித்து, அவரது காலிலேயே குண்டு பாய்ந்தது. எதிரி எவருமில்லை, வீட்டில் இருந்த துப்பாக்கியே எதிரியாயிற்று.

இரண்டாவதாக, குற்றத்தின் இயல்பு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒரே உண்மையைத்தான் கூறுகின்றன. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிபவர், மணம் புரிவதாக வாக்களித்தவர். இருட்டில் பாய்ந்து வரும் முகமறியா மனிதனை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட ஆயுதம், வீட்டுக்குள் உரிமையோடு நுழைபவனிடம் என்ன செய்யும்? கைப்பையின் அடியில் கிடக்கும் துப்பாக்கியை எடுப்பதற்குள் தாக்குபவன் பையையே பறித்துவிடுவான். அதன் பிறகு துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக, எண்ணிக்கை உணர்த்தும் பாடம். 2016-ஆம் ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் இருந்த துப்பாக்கி உரிமங்கள் சுமார் 33.69 லட்சம் என்று உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். துப்பாக்கி பாதுகாப்பைத் தரும் என்றால், லக்னௌவிலும் கான்பூரிலும் இரவில் தனியே நடந்து செல்லும் பெண், சென்னையிலும் மதுரையிலும் நடந்து செல்லும் பெண்ணைவிடப் பன்மடங்கு பாதுகாப்பாக உணர வேண்டும். அப்படி எவரும் கூறத் துணியமாட்டார்கள். தமிழ்நாட்டில் குற்றமே இல்லை என்பதன்று இதன் பொருள். துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கும் பெண்களின் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதே.

அப்படியானால் அந்த உரிமங்கள் யாரிடம் சேர்கின்றன? உரிமம் கோருபவருக்குத் தக்க காரணம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தக்க மனிதர்களைத் தெரிந்திருப்பதே தக்க காரணமாகிவிடுகிறது. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்குச் சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் வழங்கப்பட்டதாக சிபிஐ குற்றம் சாட்டியது. மாவட்ட நிர்வாகத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர்களே விசாரணைக்கு உள்ளாயினர். சுங்கத் துறையினர் பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளைக் குறைந்த விலையில் வாங்கும் சலுகையை நாடாளுமன்ற உறுப்பினர்கள் நீண்ட காலம் அனுபவித்து வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தது. காவலர்கள் புடைசூழ வருபவருக்குத் துப்பாக்கியும் சலுகை விலையில்; காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யவே மன்றாடும் பெண்ணுக்கோ ஒன்றேகால் லட்சம் ரூபாய் விலை.

வரி விதிப்பிலும் முரண்பாடு தெளிவாகத் தெரிகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றின் வரி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. பான் மசாலாவும் உல்லாசப் படகும் உள்ள அதே வரிசை. ஆடம்பரப் பொருள் என்று ஒரு கையால் வரி விதித்துவிட்டு, பெண்களின் காவலன் என்று மறு கையால் விற்பது எவ்வகை நியாயம்?

சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி தலைநகரில் என்ன செய்தது என்பதை தில்லி மறந்திருக்க முடியாது. 1999 ஏப்ரலில் ஒரு விருந்தில், நேரமாகிவிட்டதால் மது பரிமாற மறுத்த ஜெசிகா லாலைச் சுட்டுக் கொன்றது 0.22 ரகப் பிஸ்டல். சுட்டவர் செல்வாக்குள்ள அரசியல் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த ரகப் பிஸ்டலுக்கு உரிமமும் பெற்றிருந்தவர். 2006-இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தவரை, நாடெங்கும் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் தில்லி உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட அந்தச் சிறு துப்பாக்கி காத்தது ஒரு பெண்ணை அன்று. ஓர் ஆணின் அகந்தையை.

இத்தனைக்கும் பிறகு நாடாளுமன்றம் என்ன செய்தது? 2019 நவம்பரில் அறிமுகமான ஆயுதச் சட்டத்திருத்த மசோதா, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஒன்று என்பது இரண்டானது. டிசம்பரில் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. கள்ளத் துப்பாக்கி தயாரிப்போருக்குக் கடுந்தண்டனை, திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவோருக்குச் சிறை ஆகியவை வரவேற்கத்தக்கவை. ஆனால், அதே சட்டம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்தது. உரிமம் பெற்றவரின் நடத்தையை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பு அந்த அளவுக்குத் தள்ளிப்போயிற்று. துப்பாக்கியின் எண்ணிக்கை பற்றிப் பேசிய அவை, அது யார் கையில் இருக்கிறது என்பது பற்றிப் போதிய அளவு பேசவில்லை.

இப்போது அந்தப் பாதை மேலும் அபாயகரமான திசையில் செல்கிறது. அசாமில் தொலைதூர, பதற்றம் நிறைந்த பகுதிகளில் வாழும் மண்ணின் மைந்தர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க அந்த மாநில அமைச்சரவை 2025 மே மாதத்தில் முடிவெடுத்தது. துப்ரி, பார்பேட்டா, மோரிகாவ், நகாவ் போன்ற மாவட்டங்கள் அதில் அடங்கும். கான்பூரில் ஒரு தனிமனிதருக்குச் சொல்லப்பட்ட அதே செய்தி, இங்கு ஒரு சமுதாயத்துக்கே சொல்லப்படுகிறது: உன்னைக் காக்க அரசால் இயலாது, நீயே காத்துக்கொள். ஒரு பிரிவினர் கையில் அரசே ஆயுதம் தந்தால், மறு பிரிவினர் அதைக் கள்ளச் சந்தையில் தேடுவர். நெல்லி படுகொலையை 1983-இல் கண்ட மாநிலத்துக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கி உரிமமே கூடாது என்பது இங்கு வாதமன்று. கொலை மிரட்டலுக்கு உள்ளான சாட்சி, காவல் நிலையம் எட்டாத் தொலைவில் வசிக்கும் குடும்பம், பணம் எடுத்துச் செல்லும் வணிகர் ஆகியோரின் அச்சம் உண்மையானது. வன்கொடுமைக்கு ஆளாகும் பெண் தற்காப்புக்காகத் தாக்குபவனின் உயிரையே பறிக்க நேர்ந்தாலும் அது குற்றமன்று என்று பழைய தண்டனைச் சட்டமும் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் கூறுகிறது. அந்த உரிமை மதிக்கப்பட வேண்டும். ஆனால், ஆயுதம் வைத்திருப்பது இந்நாட்டில் அடிப்படை உரிமை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் சுட்டிக்காட்டியிருப்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உரிமம் எந்தக் காரணத்துக்காக அளிக்கப்பட்டது, எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன என்ற விவரத்தை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். புதுப்பிக்கும்போது சுடும் திறனும் நடத்தையும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். குடும்ப வன்முறைப் புகாருக்கு உள்ளானவரின் உரிமம் விசாரணை முடியும்வரை உடனடியாக நிறுத்திவைக்கப்பட வேண்டும். மக்கள் பிரதிநிதிகளும் மற்றவர்களைப் போலவே அதே வரிசையில் நிற்க வேண்டும்.

தில்லியில் 2012 டிசம்பர் இரவில் அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது 500 கிராம் எடையுள்ள ரிவால்வர் அன்று. முறையான அரசுப் பேருந்து. வழியில் அந்தப் பேருந்தை நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒரு காவலர். இவ்விரண்டையும் எந்தத் தொழிற்சாலையும் தயாரித்து விற்க முடியாது. அரசால் மட்டுமே தர முடியும், தந்தாக வேண்டும்.