கம்பர் சொன்ன பொய்

காரைக்கால் மண்டபத்தூருக்கும் கம்பர் பிறந்த தேரழுந்தூருக்கும் அதிக தூரமில்லை. அம்பிகாபதி - அமராவதி கதை இந்தப் பக்கத்து மக்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை மாதிரி. அதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது, செவிவழியாக வந்ததுதான். ஆனாலும் யார் கேட்டாலும் கடைசியில் "ஐயோ, ஒரு பாட்டு குறைஞ்சு போச்சே!" என்றுதான் வருத்தப்படுவார்கள்.

காதல் கலக்காமல் 100 பாட்டு பாடினால் இளவரசி உனக்கு, தவறினால் மரணம். இதுதான் சோழ மன்னன் வைத்த போட்டி. அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள். 99 முடிந்ததுமே 100 ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அம்பிகாபதி காதலைப் பாடினான். உயிர் போயிற்று.

எல்லோரும் அந்த எண்ணிக்கையையே பேசுகிறார்கள். கம்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே, ஏன்?

அதற்கு முன்பு நடந்த விருந்தை நினைத்துப் பாருங்கள். உணவு பரிமாற வந்த அமராவதியைப் பார்த்து அம்பிகாபதி வாய்விட்டுப் பாடிவிடுகிறான். மன்னன் முகம் மாறுகிறது. உடனே கம்பர், மகன் பாடியது தெருவில் கிழங்கு விற்கும் கிழவியைத்தான் என்று பாட்டைத் திருப்பி முடிக்கிறார். சரஸ்வதியே கிழவியாக வந்து காப்பாற்றினாள் என்பார்கள். எல்லோரும் கைதட்டும் இடம் இது. ஆனால் மகனின் காதல் கம்பருக்குத் தெரிந்துவிட்டது. அரசவையில் அவருக்கு மதிப்பும் இருந்தது. அந்த மதிப்பை மறைப்பதற்குச் செலவழித்தார், பேசுவதற்கு அல்ல.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டிலும் இதே கதைதான். பாதிரியார் லாரன்ஸை இரண்டு குடும்பமும் நம்பியது. இந்தக் கல்யாணத்தால் பகை தீரும் என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார். ஆனால் கல்யாணத்தை ரகசியமாகச் செய்து வைத்தார். பிறகு 42 மணி நேரம் பிணம் போல் தூங்க வைக்கும் மருந்து, அப்புறம் ஒரு கடிதம். கொள்ளைநோய் பயத்தில் கடிதம் கொண்டுபோனவரை அடைத்து வைத்ததால் அது போய்ச் சேரவில்லை. கடைசியில் காவலர் சத்தம் கேட்டதும் ஜூலியட்டைக் கல்லறையில் தனியே விட்டுவிட்டு ஓடினார்!

கொன்றவன் மன்னன்தான், கொன்றது குடும்பப் பகைதான். அதில் சந்தேகமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் முன்பே தலை போயிருக்கும் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரகசியம் என்ன செய்தது? இரண்டு உயிரையும் ஒரு எண்ணிக்கையிலும் ஒரு கடிதத்திலும் தொங்கவிட்டது. பெரியவர்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சின்னவர்கள் தலையில் வைத்தது.

இன்று மன்னன் இல்லை. வெவ்வேறு சாதி, மதத்தவரும் மணம் செய்ய 1954-லேயே சிறப்புத் திருமணச் சட்டம் வந்துவிட்டது. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ குடும்பமோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் போலீஸ் பாதுகாப்புத் தரவேண்டும் என்றும் சொன்னது. இருந்தும் ஆணவக் கொலைகள் நிற்கவில்லை.

ஒவ்வொரு காதலிலும் விஷயம் தெரிந்த ஒரு வாத்தியாரோ, சித்தப்பாவோ, அக்காவோ இருக்கிறார். "நான் பாத்துக்கிறேன், நீ யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் சொல்வது பாசம்தான். அது மட்டும் போதாது. பதிவாளர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கூடவே நடக்க வேண்டும். பெற்றவர்கள் முன்னால் உட்கார்ந்து, "எனக்குத் தெரியும், நான் இவர்கள் பக்கம்" என்று சொல்ல வேண்டும்.

நம்பி வந்தவர்களுக்காகத் தன் நல்ல பெயரைப் பணயம் வைக்காதவர் என்ன பெரியவர்?